ராசியான கை

பேரம் பேசுவதில் என்னை மிஞ்ச மூலக்குளத்தில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரே சொல்வார். துணிக்கடையில் நான் வாயைத் திறந்ததும் அவர் மெல்ல வெளியே நழுவி ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். ஒருமுறை கடைக்காரரிடமே, "இந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட நான் ஒரே ஓர் இடத்தில் மட்டும், பதினோரு வருடம், வாயை மூடிக்கொண்டு கேட்ட விலையைக் கொடுத்தேன். உழவர் சந்தையில், உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் நான்காவது மேடையில், சேதராப்பட்டுக்காரியிடம்.

சந்தையில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது, தேவையும் இல்லை. ஊர்தான் பெயர். அவளுடைய அடையாள அட்டை போட்டோவோடு தலைக்கு மேலே தொங்கும். அதில் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் எனக்கு அவள் சேதராப்பட்டு, அவளுக்கு நான் அக்கா. அவள் வீட்டைச் சுற்றி இருந்த நிலமெல்லாம் கம்பெனியாகிவிட்டது. புருஷனும் அப்படி ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனான். போன நாள் கொஞ்சம், குடித்துவிட்டுப் படுத்திருந்த நாள் அதிகம். மிச்சமிருந்த துண்டு நிலத்தில் அவள் ஒருத்தியாகக் கத்திரியும் வெண்டையும் கீரையும் போட்டு, விடிகாலை முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்குவாள்.

எங்களுக்குள் ஆரம்பித்தது ஒரு தூறல் நாளில். கூட்டமே இல்லை. கத்திரிக்காய் மூட்டையைப் பிரித்து வைத்துவிட்டு அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் ஒரு கிலோ கேட்டேன்.

"போணிக்கா. பேரம் பேசாம வாங்கிக்குங்க, புண்ணியமாப் போவும். மூணு நாளா யாவாரமே இல்ல" என்றாள்.

அவள் முகம் இருந்த இருப்பில் எனக்குப் பேச்சு வரவில்லை. காசைக் கொடுத்தேன். அதைத் தராசில் தொட்டு, வலது கண்ணில் ஒற்றி, இடது கண்ணில் ஒற்றி, சாக்குக்கு அடியில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. நான் அந்தப் பக்கம் கீரை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஓட்டல்காரர் ஒருவர் வந்து மொத்த மூட்டையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வெறும் சாக்கை உதறிக்கொண்டே அவள் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க கை ராசியான கைக்கா!" என்று சந்தையே கேட்கிற மாதிரி கத்தினாள்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டாள். புதனும் ஞாயிறும் நான் சந்தைக்குப் போகிற நாள். நான் போய்ச் சேரும் வரை அவள் யாருக்கும் ஒரு காயும் விற்க மாட்டாள். யாராவது கேட்டால், "இருங்க, தராசு இன்னும் ரெடியாவல" என்று எதையாவது சொல்லி நிறுத்தி வைப்பாள். எனக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் போன் வந்துவிடும். "இன்னாக்கா, எங்க இருக்கீங்க? கடையைப் போட்டுட்டு உங்களைத்தான் பாத்துக்கினு கீறேன்." பொங்கலுக்கு முந்தின நாள், ஆடிப் பெருக்கு, அமாவாசை என்று வியாபாரம் சூடு பிடிக்கும் நாட்களில், புதனோ ஞாயிறோ, என்ன கிழமையாக இருந்தாலும் நான் போயாக வேண்டும். பக்கத்து மேடையில் வாழைப்பூ விற்கும் பாகூர்க்காரி, "அந்தக் கையை இங்கயும் கொஞ்சம் நீட்டுங்களேன், இன்னா ஆயிடப் போவுது" என்பாள். அங்கும் ஒரு பூ வாங்குவேன். எங்கள் வீட்டில் வாழைப்பூ வாரத்துக்கு இரண்டு முறை.

நம்பினாயா என்று கேட்டால் என்ன சொல்வது? முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் டைப் அடித்தவள் நான். ராகு காலம் பார்த்து ஃபைலை நகர்த்தும் சூப்பிரண்டெண்டை முகத்துக்கு நேரே கிண்டல் செய்தவள். ஆனால் உன் கை பட்டால் துலங்கும் என்று ஒருத்தி வாராவாரம் சொன்னால் யாருக்குக் கசக்கும்? ஆபீசில் சொன்னேன், தெருவில் சொன்னேன், தம்பி பெண்டாட்டியிடம் இரண்டு தடவை சொன்னேன். வீட்டுக்காரர்தான் விடமாட்டார். "உன் கை அவ்ளோ ராசின்னா எனக்கு ஏண்டி கடைசி வரைக்கும் பிரமோஷன் வரல?" என்று கேட்பார். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்து சூப்பர்வைசராகவே ஓய்வு பெற்றவர் அவர். சந்தை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். நான் பையோடு வந்ததும், "மகாராணி போணி முடிஞ்சுதா? வண்டியை எடுக்கலாமா?" என்பார்.

சும்மா காய் வாங்கிக் காசு கொடுத்த உறவு மட்டும் இல்லை அது. ஒரு தடவை அவளுடைய அட்டையைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நிலம் கொழுந்தன் பெயரில் இருந்தது. பயிர் செய்வது இவள்தான் என்பதற்குக் காகிதம் இல்லை. அட்டை இல்லாவிட்டால் மேடை இல்லை. மனுவை நான் எழுதினேன். இரண்டு நாள் லீவு போட்டு அவளோடு ஆபீஸ் ஆபீசாக ஏறினேன். "இந்தம்மா உனக்கு இன்னா வேணும்?" என்று ஒரு கிளார்க் கேட்டதற்கு, "கூடப் பொறக்காத அக்கா" என்றாள். அட்டை வந்த அன்று அவள் என் கையைப் பிடித்து, "இந்தக் கை இல்லன்னா நான் இல்லக்கா" என்று சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அப்போது யார் சொல்வது?

போன மாசி மாதம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். காலையில் பல் துலக்கிவிட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காபியை ஆற்றிக்கொண்டு போய் நின்றேன். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் சேதராப்பட்டுக்காரி வந்தாள். யாரிடமோ விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்து, ஷேர் ஆட்டோவில் ஒரு மூட்டைக் காயைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னொரு மூட்டை கொண்டுவந்தாள். காசு கொடுக்கப் போன என் தம்பியின் கையைத் தள்ளிவிட்டு, "எங்க அக்கா வூட்டுல நான் காசு வாங்கறதா?" என்று கோபித்துக்கொண்டாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் இரண்டு கையையும் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வந்த சொந்தக்காரிகள் எல்லாம் என் நெற்றியைப் பார்த்துப் பேசினார்கள். அவள் ஒருத்திதான் கண்ணைப் பார்த்துப் பேசினாள். இவள் போதும் எனக்கு என்று அன்று நினைத்தேன்.

மூன்று மாதம் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் போனிலேயே காய்கறி ஆர்டர் போட்டுவிடுவான். ஸ்டிக்கர் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் படுத்துக்கொண்டு வரும் கத்திரிக்காய். வெட்டினால் பஞ்சு. ஒரு புதன்கிழமை அந்த டப்பாவைப் பார்த்ததும் எரிச்சல் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு பையை எடுத்துக்கொண்டு, சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு, வில்லியனூர் ரோட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கிளம்பியது காய் வாங்க என்றாலும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. வீட்டில் நான் இப்போது ஒன்றுமில்லை. ஆபீசும் முடிந்துவிட்டது, அவரும் இல்லை. எனக்காக ஒருவர் காத்திருக்கும் இடம் என்று பாண்டியில் மிச்சமிருந்தது அந்த நான்காவது மேடை ஒன்றுதான்.

என்னைப் பார்த்ததும் அவள் மேடையை விட்டு இறங்கி ஓடி வந்தாள். "வந்துட்டீங்களாக்கா! துரும்பா இளைச்சுட்டீங்களே" என்று தன் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரவைத்தாள். டீ வரவழைத்தாள். நான் கத்திரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"இருங்கக்கா, தராசு இன்னும் ரெடியாவல" என்றாள்.

டீயைக் குடித்தேன். அதற்குள் கம்பெனி யூனிபாரம் போட்ட ஒருவன் வந்து வெண்டைக்காய் கேட்டான். தராசு உடனே ரெடியானது. அவன் காசை வாங்கி, தராசில் தொட்டு, கண்ணில் ஒற்றினாள். அடுத்த நிமிடம் என் கத்திரிக்காயை எடை போட்டாள். கால் கிலோ கூடவே போட்டாள். பாவம், ஷிஃப்டுக்கு அவசரமாகப் போகிறவன், அதனால் முதலில் கொடுத்தாள் என்று நானே அவளுக்காக ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டேன். என்ன புத்திசாலி நான்!

புதன்கிழமை சில்லறை இல்லை என்றாள். "சில்லறையா? சரியா எண்ணித்தான் வெச்சிருக்கேன்" என்றேன். "அது இல்லக்கா, இருங்க, இந்தக் கீரையைக் கட்டிட்டு வந்துடறேன்" என்று மூன்று கட்டுக் கீரையை அரை மணி நேரம் கட்டினாள். யாரோ வந்து ஒரு கட்டு வாங்கிப் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மரமண்டை.

மூன்றாவது முறை, ஞாயிறு. நான் போனபோது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள், அல்லது பேசுவது மாதிரி காதில் வைத்திருந்தாள். கையால் ஜாடை காட்டி, "டீ குடிச்சுட்டு வந்துடுங்கக்கா" என்றாள். எனக்கு டீ வேண்டியிருக்கவில்லை. ஓரமாக, தூண் பக்கத்தில் நின்றேன். புதுத் தாலிக் கயிறு மஞ்சள் மங்காத ஒரு பெண் அந்த வழியாக வந்தாள். சேதராப்பட்டுக்காரி போனைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக, "பாப்பா, இங்க வா. ராசியான கையா இருக்குது. உன் கையால போணி பண்ணிட்டுப் போ" என்றாள்.

அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கினாள். பேரம் பேசவில்லை.

தராசு, டீ, சில்லறை, கீரைக்கட்டு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிப் போயிற்று. அது போதாதென்று இன்னொன்றும் விளங்கியது. நான் நின்றுகொண்டிருந்த தூண் பக்கத்தில், முன்பெல்லாம், வயர்கூடையோடு ஓர் அம்மா நிற்பாள். வெறும் நெற்றி. எனக்கு முன்னாலேயே வந்திருப்பாள். நான் வந்து வாங்கி முடித்த பிறகுதான் மேடைப் பக்கம் வருவாள். எவ்வளவு பொறுமையான அம்மா, எனக்கு வழிவிடுகிறாளே என்று நினைத்து, ஒன்றிரண்டு முறை அவளைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். அவள் திருப்பிச் சிரித்ததில்லை. எத்தனை வருடம்! அவளுக்கு முன்னால் கையை நீட்டி நீட்டி நான் ராசியாகியிருக்கிறேன். ஒரு நாளாவது, "நீங்க முதல்ல வந்தீங்களே, நீங்க வாங்குங்கம்மா" என்று இந்த வாயிலிருந்து வந்ததா? அவள் அங்கே எதற்காக நின்றாள் என்பது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன். மூன்று நாளும் வீட்டில் பாத்திரங்களோடு சண்டை. அந்த அம்மா விஷயத்தில் நான் செய்தது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கும் சேதராப்பட்டுக்காரிக்கும் நடுவில் மனு இருந்தது, அட்டை இருந்தது, பதினோரு வருடம் இருந்தது. ஊரில் எவள் செய்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தம்பி பெண்டாட்டியின் அக்கா, வாசலில் நின்றபடியே குங்குமச் சிமிழை முந்தானைக்குள் மறைத்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். இவள் எப்படிச் செய்யலாம்? கூடப் பிறக்காத அக்கா என்று சொன்ன வாய் அல்லவா?

புதன்கிழமை, விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே சந்தைக்குப் போய்விட்டேன். வாசலில் விலைப் பலகையில் அன்றைய விலையைக் கூட இன்னும் எழுதவில்லை. அவள் மூட்டை வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாங்குகிறவர் ஒருவரும் வரவில்லை. பர்ஸிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன்.

"ஒரு கிலோ கத்திரிக்கா. போணி பண்ணு."

"இன்னாக்கா, இவ்ளோ வெள்ளனே! டீ சொல்லட்டா?"

"டீ வேணாம். காசைப் புடி."

மூட்டைக்குள் போன அவள் கை வெளியே வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று கத்திரிக்காயை அள்ளி என் பையில் போட ஆரம்பித்தாள். "காசு இன்னாத்துக்குக்கா? உங்ககிட்ட நான் காசு வாங்கணுமா? எவ்ளோ வேணுமோ எடுத்துக்கினு போங்க. வெண்டைக்கா போடட்டா? கீரை?"

அதுதான் என்னைக் கொன்றது. மூட்டையோடு தூக்கிக் கொடுத்துவிடுவாள், என் கையிலிருந்து அந்த ஒரு நோட்டை மட்டும் வாங்க மாட்டாள். அப்படியானால் மூன்றாம் நாள் கொண்டுவந்த மூட்டை? பதினாறாம் நாள் மூட்டை? அப்போதும் இதே கணக்குதானா? என் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளே, அது? நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தேகப்பட வைத்துவிட்டாள் பாவி. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கத்திரிக்காய் மேடையெல்லாம் உருண்டது.

"எனக்கு இனாம் வேணாம். நான் காசு குடுத்து வாங்க வந்தவ."

"சத்தம் போடாதீங்கக்கா. என் பொண்ணு மாசமா இருக்குது. இது ஏழு. ரெண்டு வாட்டி தங்காமப் போச்சி. அதான்…"

"அதான்? என் கை பட்டா உன் பொண்ணு வயித்துல இருக்கறதுக்கு ஆவாதா?"

"ஐயையோ, நான் அப்டி சொல்லுவனா? உங்களைத் தெய்வமா நெனச்சிக்கினு கீறேன்."

"தெய்வத்துகிட்ட போணி பண்ண மாட்டியா?"

அவள் குனிந்து, காலடியில் உருண்ட ஒரு காயை எடுத்து மூட்டையில் போட்டாள். நிறுத்தியிருக்கலாம். என் வாய் நின்றால்தானே.

"குடிச்சிட்டு ரோட்டோரத்துல கெடக்கறானே உன் புருஷன், அவன் உசுரோட இருக்கறதால நீ சுமங்கலி, உன் கை ராசி. தங்கமா இருந்த மனுஷன் செத்துட்டாரு, அதால என் கை தரித்திரம். அப்டித்தானே? உன் அட்டைக்கு மனு எழுதனது எந்தக் கைடி? அதைக் கழுவிட்டியா?"

பாகூர்க்காரி வாழைப்பூ மடலை ஒவ்வொன்றாக உரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். விற்கிற பூ என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. சேதராப்பட்டுக்காரியின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனாலும் கையை நீட்டவில்லை. அழுதாள், நீட்டவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

அப்போதுதான் சந்தையில் எல்லோரும் சொல்தா என்று கூப்பிடும் பெரியவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர்; எண்பது வயதிலும் சட்டையை இன் பண்ணி, தொப்பி போட்டு, சந்தைக்கே அணிவகுப்புக்கு வருவதுபோல வருவார். கியூவில் யாராவது குறுக்கே நுழைந்தால் அவருக்கு ஆகாது. உருண்டு கிடந்த காயையும் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, சண்டை யார் முதலில் என்பதற்காக என்று நினைத்துவிட்டார்.

"மதாம் ஃபர்ஸ்ட்டு. நான் பாத்தேன், அவங்கதான் முன்னாடி நிக்கறாங்க. அவங்களுக்குப் போடும்மா மொதல்ல" என்று என்னைக் காட்டி அதிகாரமாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவளால் என்ன காரணம் சொல்ல முடியும்?

நோட்டை வாங்கினாள். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து வாங்கினாள். தராசில் தொடவில்லை. கண்ணில் ஒற்றவில்லை. சாக்குக்கு அடியில் வைக்கவில்லை. மேடை ஓரத்தில், தார்ப்பாய் பறக்காமல் இருக்க வைத்திருந்த செங்கல்லுக்கு அடியில் செருகினாள். ஒரு கிலோ கத்திரிக்காயைச் சரியாக நிறுத்து, ஒரு காய் கூட அதிகம் போடாமல், பையில் கொட்டினாள். பிறகு சொல்தாவின் காசை வாங்கினாள். தராசு, வலது கண், இடது கண், சாக்கு. அவர் "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக்கொண்டே கீரையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாப்புக்கு வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்தது. வீட்டுக்காரர் போனபோது அழுதது வேறு; அது துக்கம், பத்துப் பேர் கூட இருந்தார்கள். இது அவமானம், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கண்ணில் தூசி என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கத்திரிக்காயைச் சமைக்கவும் இல்லை. எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன்.

பிறகு சந்தைக்கே போகவில்லை. மகனின் டப்பாக் கத்திரிக்காய்தான். கோபம் இருந்தது, ஆனால் கோபத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, அது எனக்கு முதலில் தெரியவில்லை. அடுத்த வாரம் காலண்டரில் தேதியைக் கிழிக்கும்போது, ஏழு முடிந்து எட்டு என்று வாய் தானாகச் சொன்னது. அவள் பெண்ணின் மாதக் கணக்கு. திடுக்கிட்டுப் போனேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே நினைப்புதான். ரெண்டு வாட்டி தங்காமப் போச்சி என்றாளே. நான் சண்டை போட்டு வலுக்கட்டாயமாகக் கையை நீட்டினேனே. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒன்றும் ஆகாது, கைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம், பைத்தியக்காரி என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டி முடித்ததும் மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொள்வேன். நான் நம்பாத ஒன்றுக்கு நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் என் கையை நம்பவில்லை என்று சந்தையில் நின்று கத்தியவள் நான்; கடைசியில் நானும்தான் நம்பவில்லை. இதைவிட ஒரு துரோகம் உண்டா?

கணக்குப்படி நாள் தாண்டிப் பத்து நாள் பொறுத்தேன். பிறகு பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். முதல் பஸ்ஸில் இல்லை. முதல் பஸ்ஸை விட்டேன், அடுத்ததையும் விட்டேன். சந்தையில் இறங்கியபோது மணி எட்டரை. கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒரு சாவுச் செய்தியைக் கேட்கப் போகிறவள் மாதிரி நான்காவது மேடைக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே மலர்ந்தது.

"ஏங்க்கா இவ்ளோ லேட்டு?" என்றாள், எதுவுமே நடக்காத மாதிரி. "பேத்தி பொறந்துட்டாக்கா! சுகப் பிரசவம். மூக்கு அப்டியே என்னை மாதிரி. இருங்க, சாக்லேட் குடுக்கறேன். ஒக்காருங்க, ஒக்காருங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாக்லேட்டை வைத்து மூடினாள். இந்த நேரத்தில் என் கையைத் தொட அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

குழந்தை நன்றாக இருக்கிறது. என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அது இறங்கிய வேகத்தைப் பார்த்து எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. கத்திரிக்காய் பொறுக்கினேன். அவள் எடை போட்டு, மேலே நாலு காய் போட்டு, பையை நீட்டினாள். பர்ஸைத் திறந்து நோட்டை எடுத்தேன். எடுத்த கை பாதியில் நின்றது. எதிரே மூட்டையில் பாதி காலி, சுற்றிலும் நாலு பேர் பையோடு நிற்கிறார்கள், மணி ஒன்பதாகப் போகிறது. எல்லாம் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் கேட்டேன்.

"போணி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சிக்கா, அதெல்லாம் எப்பவோ ஆயிடுச்சி" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அவள் கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகுதான் காசைக் கொடுத்தேன்.